வாயுப் பாடம்

மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டியைச் சாக்குப்பையில் தூக்கிக்கொண்டு ஒரு டீச்சர் வகுப்புக்குள் வந்ததை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பிரம்படியையும் வாய்ப்பாட்டையும்தான் சொல்கிறார்கள். அதெல்லாம் எனக்கும் கிடைத்தது. கூடவே ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம், தொட்டும் முகர்ந்தும் நனைத்தும் பார்த்துப் படிக்கிற வேறொரு படிப்பும் கிடைத்தது. நியாயமாக அதை நினைத்து நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் நினைத்தால் இந்த வயதிலும் காது மடல் சூடாகிவிடுகிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில், நொய்யலுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சலவைப்பட்டறையில் வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், மிஷினிலிருந்து இறங்கும்போது பனியன் துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பேறிய சோற்றுக் கஞ்சி நிறத்தில் இருக்கும். அதைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறவைத்து, மிதித்து, அலசி, வெயிலில் காயப்போட்ட பிறகுதான் அது கடையில் தொங்குகிற வெள்ளைப் பனியன் ஆகும். அப்பா தொட்டிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்று மிதிப்பார். அம்மாவும் நானும் ஈரத்துணியைச் சுமந்துபோய் ஆற்றோரக் களத்தில் விரிப்போம். எனக்கு விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை அந்த வேலை. ஈரத்துணிகளை ஒருவர் பின் ஒருவராக இழுத்துக்கொண்டு ஓடுவது விளையாட்டாகத்தான் இருக்கும். கை விரல் நுனிகள் மட்டும் எப்போதும் தோல் உரிந்து வெளுத்திருக்கும்.

அந்த வருடம் அறிவியல் எடுக்க வந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். தெக்கத்தி டீச்சர் என்று ஊரே சொன்னது. ஒல்லியாக, உயரமாக இருப்பார். மழை வருகிறதோ இல்லையோ குடையோடுதான் வருவார். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். எங்களை "மக்ளே" என்று கூப்பிடுவார். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது வகுப்பே சிரித்தது. பிறகு அந்தச் சொல்லுக்காக நாங்கள் காத்திருக்க ஆரம்பித்தோம்.

அவர் புத்தகத்தை மேசையில் வைப்பார். திறக்க மாட்டார். ஒரு நாள் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டம்ளருக்குள் ஒரு காகிதத்தைக் கசக்கித் திணித்து, டம்ளரைக் கவிழ்த்து நேராகத் தண்ணீருக்குள் அமுக்கினார். வெளியே எடுத்துக் காகிதத்தை விரித்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"பாத்தியளா மக்ளே? உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சியளே. காத்து இருக்கு. தண்ணிய உள்ள விடமாட்டேன்னு நிக்குது."

நாங்கள் ஒவ்வொருவரும் போய் அமுக்கிப் பார்த்தோம். தண்ணீருக்கடியிலிருந்து டம்ளர் கையை மேலே தள்ளியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தள்ளுகிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு நாள்தான் அந்த ஐஸ் கட்டி. ஆளாளுக்கு ஒரு துண்டு கையில் வாங்கி, அது தண்ணீராகி முழங்கை வழியே வடிகிறவரை பிடித்துக்கொண்டு நின்றோம். திடம், திரவம் என்று அப்போதுதான் கரும்பலகையில் எழுதினார். பெரிய வாத்தியார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "பாடத்தை நடத்துங்க டீச்சர். சர்க்கஸ் எதுக்குங்க?" என்றார். டீச்சர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அடுத்த வாரம் வேறு எதையோ கொண்டுவந்தார்.

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லி, எது மிதக்கும், எது முழுகும் என்று பார்த்தோம். நான் இரண்டு துண்டுத் துணி கொண்டுபோனேன். வெளுக்காதது ஒன்று, வெளுத்தது ஒன்று. வெளுக்காதது தண்ணீரின் மேலேயே கிடந்தது. வெளுத்தது போட்டதும் தண்ணீரைக் குடித்துக் கீழே போனது. டீச்சர் குனிந்து அதையே பார்த்தார். என் தலையில் கை வைத்து, "இது எனக்கே புதுசு மக்ளே" என்றார். வகுப்பு கைதட்டியது. அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த டீச்சருக்காக எதையும் செய்வேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். டீச்சர் வாயுப் பாடத்தை அன்றைக்கென்று எடுத்து வைத்தார். அவரிடம் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது. அவருடைய அண்ணன் கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. நீலக் கண்ணாடி, கழுத்து குறுகல், மேலே கண்ணாடியிலேயே மூடி. எங்களுக்குத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். "அன்னைக்குத் தொறப்பேன். நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கிடணும். வாசம் யாருக்கு வருதோ அவங்க கை தூக்கணும். முன்னால இருக்கவங்களுக்கு முதல்ல வரும். கடைசி பெஞ்சுக்குக் கடைசில வரும். வாயு எப்படிப் பரவுதுன்னு கண்ண மூடிக்கிட்டே பாத்துரலாம்."

அந்த நாளில் பட்டறையில் அவசர வேலை. வழக்கத்தைவிடத் துணி அதிகம். விரித்து முடிக்கையில் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ள நேரமில்லை. பாவாடை முன்பக்கம் சொட்டச் சொட்ட அப்படியே ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல்களை ஏற்கெனவே சாத்தியிருந்தார்கள். நான் உள்ளே போகப் பயந்து வாசலுக்கு வெளியே நின்றேன்.

டீச்சர் நீல பாட்டிலின் மூடியைத் திறந்து ஒரு கைக்குட்டையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. உதறினார். யாரோ எப்போதோ திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் வைத்திருக்க வேண்டும். மாசி வெயிலில் எல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் கவிழ்த்துத் தட்டினார்.

"என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதுக்குத்தானுங்க நான் அப்பவே சொன்னது" என்று பெரிய வாத்தியார் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்போது டீச்சர் திரும்பி வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிணற்றுக்குள் விழுந்தவருக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது. தாமதமாக வந்ததற்கு அடி விழும் என்று நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வா மக்ளே, உள்ள வா. இப்படி வந்து நில்லு."

மேசைக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்தார். நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளை என்று இன்ஸ்பெக்டரிடம் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். கதவையும் சாத்தச் சொன்னார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. ஏதாவது வாசம் வந்தா சத்தம் போடாம கை தூக்கணும். சார், நீங்களும் மூடிக்கிடுங்க."

வகுப்பு கண்ணை மூடியது. இன்ஸ்பெக்டரும் குழந்தை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். என்னை யாரும் மூடச் சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

முதல் பெஞ்சில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டாவது பெஞ்சு. அதில்தான் என் கூட்டாளி உட்கார்ந்திருந்தாள், ஜவுளிக்கடைக்காரர் மகள். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். பிறகு நடு பெஞ்சுகள். பெரிய வாத்தியார் கை. இன்ஸ்பெக்டர் உதட்டோரம் சிரிப்போடு தன் கையைத் தூக்கினார். கடைசியில் சுவரோரம் இருந்த பையன்கள். டீச்சர் சொன்ன வரிசை பிசகவேயில்லை.

எனக்கு மட்டும் ஒரு வாசமும் வரவில்லை. பாட்டிலில் எங்கேயோ மிச்சம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் மூக்கு சரியில்லை என்று நினைத்தேன். நான் ஒருத்தி மட்டும் விட்டுப்போகக் கூடாதே என்று, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, நானும் கையைத் தூக்கினேன்.

"கண்ணத் தொறங்க. என்ன வாசம்?"

"பட்டறை நாத்தமுங்க டீச்சர்!"

ஒரே குரலில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார்கள். என் கை இன்னும் மேலேதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வகுப்பு அவ்வளவு சிரித்தது என்று நினைக்கிறேன்.

டீச்சர் என் தோளில் கைவைத்து, இன்ஸ்பெக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாயுவுக்கு உருவமில்லை, கண்ணுக்குத் தெரியாது, கிடைத்த இடமெல்லாம் நிறையும் என்று. குரல் கணீரென்று இருந்தது. அவ்வளவு அழகாக அவர் அதற்குமுன் பாடம் நடத்தியதில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பேஷ்! செலவில்லாத உபகரணம். இப்படித்தான் இருக்கணும்."

உபகரணம் என்ற சொல்லுக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியாது. மறுநாள் கூட்டாளியிடம் கேட்டேன். "சாமானமாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் பையன்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் பின் ஒருவனாகக் கை தூக்குவார்கள், அவ்வளவுதான். முன் பெஞ்சு முதலில், சுவரோரம் கடைசியில். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது செய்வார்கள். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு மறுபடியும் கரும்பலகைப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

நான் ஆற்றில் மணலை அள்ளிக் கைகாலில் தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். தோல் எரிந்ததுதான் மிச்சம். களத்துக்கு வரமாட்டேன் என்றேன். அம்மா சோம்பல் என்று நினைத்து முதுகில் இரண்டு வைத்தாள். "படிக்கிற கழுதைக்கு அதுக்குள்ள ஒடம்பு வளையலியா?" நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாத்தம் எங்கள் வீட்டுடையது என்று அவளிடமே சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு சாயங்காலம் அப்பாவோடு கடைவீதியில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்த்த பக்கம் என் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகக் கை தூக்கினார்கள்.

"யாரு கண்ணு அது? எதுக்குக் கை தூக்கறாங்க?" என்றார் அப்பா.

"எங்கூடப் படிக்கறவங்கப்பா. வணக்கம் சொல்றாங்க."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, நின்று, அவர்களுக்குத் தன் கையைத் தூக்கிக் காட்டினார். பையன்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் ஓடிப்போனபிறகும் அப்பா கையைத் தூக்கியபடியே கொஞ்சம் நின்றார். "நல்ல பசங்களாட்ட இருக்குது" என்றார்.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாது. பட்டறையில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒருநாள் காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஆற்றில் போய் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, தீபாவளிக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சண்டை போடப் போகிறார் என்று பயந்தேன். போட வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது.

வகுப்பு வாசலுக்கு வராமல், கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். டீச்சர் வெளியே போனார். பின்னாலேயே பெரிய வாத்தியாரும் வந்து நின்றார். நான் முதல் பெஞ்சின் ஓரத்தில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

அப்பா கும்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். புள்ளைய அப்பிடியே ஈரத்தோட அனுப்பீட்டமுங்க. பெரிய ஆபீசருங்க வந்திருந்தப்ப எல்லாத்துக்கும் எடைஞ்சலாப் போச்சுன்னு சொன்னாங்க. என்ற பொழப்பு அப்பிடிங்க. இனிமேப்பட்டுக் காலைல அதைக் களத்துக்குக் கூட்டீட்டுப் போகமாட்டனுங்க. புள்ள படிக்கோணுமுங்க. மன்னிச்சுக்கோணுமுங்க."

அவர் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியும், சரியானதைத்தான் சொல்ல வந்தார். அதற்குள் பெரிய வாத்தியார், "அதேதானுங்க நாங்களும் சொல்றது. சுத்தபத்தமா அனுப்போணுமல்லங்க?" என்றார். டீச்சர் ஒருமுறை அவரைப் பார்த்தார். குடைக் கம்பியைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"சரிங்க. பாத்துக்கிடுங்க" என்றார்.

அவ்வளவுதான். அப்பா மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போனார். கேட்டைத் தாண்டும்வரை எங்கள் பக்கம் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்தார். நான் தலையைக் குனிந்து சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் டீச்சருக்கு வேலை நிரந்தரமாகி, ஊர்ப்பக்கமே மாற்றலும் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதியிருந்தாராம். போகிற அன்று என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நல்லா படி என்றார். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்வது நல்லது என்றார். களத்துக்கு இப்பவும் போறியா என்றார். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு புதுச் சென்ட் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்து மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்த வயதில் அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவருக்கும் அப்போது இருபத்துச் சொச்ச வயதுதான் இருக்கும். ஒரு தப்புக்குப் பரிகாரம் தேடி, எதைக் கொடுக்கக் கூடாதோ அதையே தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறார். அன்று எனக்குப் புரிந்ததெல்லாம், போகும்போதும் டீச்சர் என்மேல் வீசிய நாத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டு போகிறார் என்பதுதான்.

அம்மாவுக்கு அந்த பாட்டிலைப் பார்த்து ஒரே சந்தோஷம். சிவன்மலைத் தேருக்குப் போனபோது அப்பா சட்டையில் தெளித்தாள். கூட்டத்தில் அப்பா போன இடமெல்லாம் பட்டறையும் மல்லிகையும் கலந்து வீசியது. அப்புறம் அது எங்கே போனதென்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

அன்றைக்குப் பிறகு அப்பா என்னைக் களத்துக்குக் கூப்பிடவேயில்லை. என் வேலையையும் சேர்த்து அம்மா செய்தாள். நான் படித்தேன். அப்பாவிடம் வேறொரு பழக்கம் வந்தது. அதை முதலில் நான் கவனிக்கவில்லை. கல்யாண வீடோ, துக்க வீடோ, நாலு பேர் கூடுகிற இடத்துக்குள் நுழையும் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். பந்தல் துணி, வாழை இலை, யாராவது பீடி பிடித்தால் அந்தப் புகை, எதையாவது பார்ப்பார். பிறகு காற்று தன்மேல் பட்டு யார் பக்கமும் போகாத மூலையாகத் தேடிப் போய் நிற்பார். பஸ்ஸில் கடைசி சீட்டு. என் கல்யாணத்தில் தாரை வார்க்க மணவறைக்கு வந்தவர், கையை நீட்டியபடி உடம்பை மட்டும் பின்னால் சாய்த்துக்கொண்டார். ஐயருக்கு முன்னால் அவர் அப்படி நின்றது போட்டோவிலும் விழுந்திருக்கிறது.

பட்டறைக் காற்று அவருக்கு நெஞ்சில் இருமலை வைத்தது. பிறகு அதை விட்டுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். காக்கிச் சட்டை போட்டார். வருடங்கள் போயின. அவர்மேல் சோப்பு வாசம் தவிர எதுவும் இல்லை.

எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது பெரியாஸ்பத்திரியில் இருந்தேன். மத்தியான நேரம். அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். அப்பா வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ஜன்னல் திரை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு, காற்று குழந்தையிடமிருந்து தன் பக்கம் வருகிற மாதிரி, எதிர்ச்சுவரோரம் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"கையில வாங்குங்கப்பா" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. பச்சக் கொழந்த."

 இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு பேரும் பேசாத ஒன்றை அன்று நான் பேசிவிட்டேன். நல்லதென்று நினைத்துத்தான் பேசினேன்.

"உங்க மேல ஒரு வாசமும் இல்லீங்கப்பா."

அப்பாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. இத்தனை காலமும் அவர் மூலை தேடி நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரிந்தது. காக்கிச் சட்டையின் காலரை ஒருமுறை தொட்டுக்கொண்டார். யாரோ எல்லோர் முன்னாலும் அவரை நிற்கவைத்துவிட்ட மாதிரி, பக்கத்துக் கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கை கழுவீட்டு வந்தர்றன் கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வராந்தாக் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. குழந்தையைத் துணியில் சுற்றி, அவர் வந்ததும் கொடுக்கலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பாட்டோடு திரும்பி வந்து, "உங்கொப்பன் என்ன, குழாயடியில அந்தக் கையை அந்தத் தேய்ப்புத் தேய்ச்சிட்டு நிக்கறாரு?" என்று கேட்டாள். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.